கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

என் வீட்டுக்காரரின் முன்பல் இரண்டும் ஒரே தும்மலில் போயின. அதுவும் அடுத்தவர் தும்மலில். கேட்கிறவர்கள் முதலில் சிரித்துவிட்டு, அப்புறம்தான் "ஐயோ பாவம்" என்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், ஆனால் நான் சிரித்தது கொஞ்சம் அதிக நேரம்.

அவர் சலூன் வைத்திருக்கிறார். அன்றைக்கு ஒருவருக்கு மீசை ஒதுக்கிக்கொண்டிருந்தார். மற்ற வேலையெல்லாம் பின்னால் நின்று கண்ணாடியைப் பார்த்தே முடித்துவிடுவார், மீசை மட்டும் முன்னால் வந்து முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. வெட்டின முடி ஒன்று அந்த மனிதரின் மூக்குக்குள் போயிருக்கிறது. தும்மினார் பாருங்கள், தலை அப்படியே பாய்ந்து வந்து இவர் வாயில் இடித்தது. கத்தரியைச் சட்டென்று விலக்கியதால் அவருடைய மூக்கு தப்பித்தது, இவருடைய பல் தப்பவில்லை. அந்தத் தும்மல்காரர் அதற்குப் பிறகு மனசு கேட்காமல் அடிக்கடி முடிவெட்ட வர ஆரம்பித்தார். வெட்டுவதற்குத் தலையில் ஒன்றும் மிச்சமில்லாதபோதும் வந்து உட்கார்ந்தார்.

எனக்குச் சிரிப்பு நின்றது எப்போது என்றால், இவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார் என்று தெரிந்தபோது. முடிவெட்டுகிறவர் வாயை மூடிக்கொண்டால் அந்தக் கடை என்னவாகும்? வருகிறவர்கள் பாதிப்பேர் இவர் பேச்சுக்காக வருகிறவர்கள். இவரோ மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, "ஷார்ட்டா? மீடியமா?" என்பதோடு நிறுத்திக்கொண்டார். வீட்டில் நான் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் உதட்டை இறுக்கி மூக்கால் ஒரு காற்று விடுவார், அவ்வளவுதான்.

அவருடைய பழைய சிரிப்பைச் சொன்னால்தான் என் எரிச்சல் உங்களுக்குப் புரியும். முதலில் தலை பின்னால் போகும். தோள் குலுங்கும். சத்தம் கடைசியில்தான் வரும். அதற்குள் வாய் முழுக்கத் திறந்து, அந்த முன்பல் இரண்டும் தெரியும். ஒன்று இன்னொன்றின் மேல் லேசாக ஏறி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். முதன்முதலில் அவரைப் பார்த்த அன்று அவர் ஏதோ சொல்லிவிட்டு அதற்கு அவரே சிரித்தார். சொன்னது என்னவென்று எனக்கு ஞாபகமில்லை. அந்தப் பல்லைப் பார்த்துத்தான் இவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணினேன்.

எங்கள் மகள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். டாக்டர் இல்லை, கம்ப்யூட்டரில் பல் வரைகிறவள். யாருக்காவது பல் அழகாக்க வேண்டுமென்றால் வாய்க்குள் பேனா மாதிரி ஒரு கேமராவை விட்டு ஸ்கேன் எடுப்பாள். முகத்தைப் படம் எடுப்பாள். இரண்டையும் திரையில் பொருத்தி, உதடு எவ்வளவு விரியும், கண்ணுக்கும் பல் வரிசைக்கும் கோணம் என்ன என்றெல்லாம் கோடு போட்டுப் புதுப் பல் வரைவாள். அங்கே இருக்கிற டாக்டரம்மா சரி என்றால் அதை மாதிரியாகச் செய்து வாயில் மாட்டிப் பார்ப்பார்கள். அதுவும் பிடித்துவிட்டால் செராமிக்கில் கேப் செய்து நிரந்தரமாக ஒட்டிவிடுவார்கள். ஒட்டினது ஒட்டினதுதான், பிறகு மாற்ற வேண்டுமென்றால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

"அப்பா, உங்களுக்கு நானே டிசைன் பண்றேன்" என்றாள். அவர் முகத்தில் பல் உடைந்த பிறகு முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது.

டாக்டரம்மா உடைந்த இரண்டுக்கும் வேர் சிகிச்சை செய்து, சீராக ராவி, இரண்டு குட்டிக் கட்டைகளாக ஆக்கிவிட்டார். அதன்மேல்தான் கேப் உட்காரும். அடுத்த வாரம் முதல் டிசைன் காட்டக் கூப்பிட்டார்கள். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனேன்.

திரையில் இவர் முகம் பெரிதாக இருந்தது. பல் இரண்டும் அளவெடுத்த மாதிரி, ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே வெள்ளை.

"எப்படிம்மா இருக்கு?" என்று மகள் கேட்டாள்.

"பாத்ரூம் டைல்ஸ் மாதிரி இருக்கு" என்றேன்.

"அம்மா!"

"கேட்டே, சொன்னேன். இது யாரு? பேஸ்ட் விளம்பரத்துல வர்றவனா? எங்க வீட்டு ஆளைக் காட்டுடி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறின பல்லோட."

டாக்டரம்மா பொறுமைசாலி. "எல்லாரும் பல்லை நேராக்கத்தாங்க இங்க வருவாங்க. கோணலாக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை" என்று சிரித்தார். என் வீட்டுக்காரரிடம் கைக்கண்ணாடியையும் திரையையும் மாறி மாறிக் காட்டி, "உங்களுக்கு எப்படி இருக்குங்க?" என்று கேட்டார்.

அவர் திரையை ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு டாக்டர். இந்தப் பல்லு யாருக்குப் போட்டாலும் நல்லா இருக்கும்" என்றார்.

அதில் இருந்த வருத்தம் மகளுக்கே புரிந்துவிட்டது. "சரிப்பா, பழைய மாதிரியே ஏத்தி வரைஞ்சிடறேன். பல்லு தெரியிற மாதிரி ஒரு ஃபோட்டோ வேணும்" என்றாள்.

அங்கேதான் சிக்கல். இந்த மனிதருக்குக் கேமராவைக் கண்டால் வாய் பூட்டிக்கொள்ளும். கல்யாணப் படத்தில் தபால்தலையில் இருப்பவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். ஆனால் கடையில் மட்டும் அவருக்கு வேறு பழக்கம். யாருக்காவது வெட்டு நன்றாக அமைந்துவிட்டால், நாற்காலிக்குப் பின்னால் நின்று, எதிரே இருக்கிற பெரிய கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிகிற மாதிரி ஃபோனில் எடுப்பார். ஒரு கையில் ஃபோன், ஒரு கையில் கத்தரி, வாய் நிறையச் சிரிப்பு. அந்தப் படங்களில்தான் பல் தெரியும். அதில் தெளிவாக இருந்த ஒன்றை மகள் எடுத்துக்கொண்டாள். வாயை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினாள். எந்தப் பல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து, அச்சு அசலாக வரைந்தாள். பார்த்துப் பார்த்துத்தான் செய்தாள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மாதிரிப் பல்லை மாட்டிய அன்று நாற்காலிக்கு நேர் எதிரே போய் நின்றேன். மாஸ்க் இறங்கியது. "சிரிங்கப்பா" என்றாள் மகள். அவர் சிரித்தார். "அப்படியே அப்பா!" என்று அவள் கைதட்டினாள். டாக்டரம்மா அந்த வாய்ப் படத்தை அவர் முகத்துக்குப் பக்கத்திலேயே பிடித்துக் காட்டினார். படமும் பல்லும் ஒரு மயிரிழை விலகாமல் ஒன்றாக இருந்தன.

எனக்கு மட்டும் ஒட்டவில்லை.

"என்னமோ சரியில்லை" என்றேன்.

"என்னம்மா சரியில்லை?"

அதுதான் எனக்குத் தெரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "வெள்ளை ஜாஸ்தி. தினம் நாலு டீ குடிக்கிற ஆளுக்கு இவ்வளவு வெள்ளை ஏது?" நிறத்தை ஒரு படி குறைத்தார்கள். அப்போதும் ஒட்டவில்லை. "நீளமா இருக்கு" என்றேன். நூலளவு தேய்த்தார்கள். "இப்ப?" என்றார் டாக்டரம்மா. இப்போதும் எதிரே யாரோ ஒருவர் என் வீட்டுக்காரரின் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் இதற்கு மேல் எதையாவது சொன்னால் அடித்துத் துரத்துவார்கள் என்று பேசாமல் இருந்தேன்.

அவருக்குக் கைக்கண்ணாடி கொடுத்தார்கள். பார்த்தார், தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார், மகளைப் பார்த்தார். "பிரமாதம்" என்றார்.

"அப்ப ஒரு வாரம் இதோட பழகுங்க. வெள்ளிக்கிழமை வாங்க, பிடிச்சிருந்தா அன்னைக்கே செராமிக்ல போட்டு ஒட்டிடலாம்" என்றார் டாக்டரம்மா.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடையில் பேச்சு திரும்பிவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. ஊரே சந்தோஷப்பட்டது. தும்மல்காரர் மட்டும், "என்னமோ வகிடு மாத்தி எடுத்த மாதிரி இருக்கீங்க" என்றாராம். அவர் தலையில் வகிடு எடுத்தே பல வருஷம், அவர் பேச்சை யார் மதிப்பார்கள்? வீட்டிலும் இவர் சிரித்தார். சாப்பிடும்போது எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து, கடையில் நடந்த கதையைச் சொல்லி, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பே வரவில்லை. தலை சாய்வது சரி, தோள் குலுங்குவது சரி, வாய் திறந்ததும் யாரோ வந்துவிடுகிறார்.

"என்ன, கதை பிடிக்கலையா?" என்றார்.

"பிடிச்சிருக்கு."

"பின்னே ஏன் பரீட்சை பேப்பர் திருத்துற மாதிரி என் வாயையே பார்க்கிறே?"

மகளிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். "அம்மா, உனக்கு எதுவுமே பிடிக்காது. நான் புது செருப்பு வாங்கினாக்கூட ஒரு வாரம் முறைப்பே" என்றாள். அதில் உண்மை இருந்ததால் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. நான் சண்டைக்காரி என்று பேர் எடுத்தவள், என் வயிற்றெரிச்சலுக்கு யார் காது கொடுப்பார்கள்? ஆனால் வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்க எனக்குப் பயமாகவே இருந்தது. அந்தப் பல்லை ஒட்டிவிட்டால் மிச்ச காலம் முழுக்க இந்த அந்நியரோடுதான் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நல்ல மனிதர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என்னுடையவர் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவருடைய வண்டி கிளம்பவில்லை. "உன் வேன்லயே வந்துடறேன், பசங்களை இறக்கிவிட்டுட்டு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றார். பின்சீட்டில் பிள்ளைகளுக்கு நடுவில் மடங்கி உட்கார்ந்துகொண்டார்.

வேன் ஓட்டுகிறவர்களுக்கு உள்கண்ணாடி இரண்டாவது கண். யார் யாரைக் கிள்ளினான், யார் டிபன் பாக்ஸை இப்போதே திறந்துவிட்டான், எல்லாம் அதில் தெரியும். ஆரம்பத்தில் எனக்கு அதில் ஒரு குழப்பம் இருந்தது. கண்ணாடியில் என் இடப்பக்கம் ஒருவன் அடித்துக்கொண்டிருப்பான். திட்டுவதற்குத் திரும்பிப் பார்த்தால் அவன் என் வலப்பக்கம் இருப்பான். நானோ திரும்பின வேகத்தில் இடப்பக்கம் இருக்கிற அப்பாவியைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவேன். அப்படிச் சும்மா திட்டு வாங்கின பிள்ளைகள் ஏராளம்.

அன்றைக்குப் பிள்ளைகள் இவரை விடவில்லை. "அங்கிள், தும்மல் கதை சொல்லுங்க!" என்று பிடித்துக்கொண்டார்கள். இவருக்குக் கேட்கவா வேண்டும்? தும்மல்காரரைப் போல மூக்கை விரித்து, கண்ணை மூடி, ஒரு நிமிஷம் இழுத்து, "ஹச்!" என்று முன்சீட்டில் தலையை இடித்துக் காட்டினார். வேனே அதிர்ந்தது. அவரும் சிரித்தார்.

நான் சிக்னலில் நின்றிருந்தேன். உள்கண்ணாடியைப் பார்த்தேன்.

அங்கே என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்!

எப்படிச் சொல்வது? தலை, தோள், வாய், பல், எல்லாம் அவர்தான். பழைய ஆள், முழு ஆள். சட்டென்று திரும்பிப் பார்த்தேன். அந்நியர். கண்ணாடியைப் பார்த்தேன். என் ஆள். திரும்பினேன். அந்நியர்.

"என்னங்க, இன்னொரு தடவை சிரிங்க!" என்று கத்தினேன்.

"சிக்னல் விழுந்துடுச்சு, வண்டியை எடு!"

"சிக்னல் கிடக்குது, சிரிங்கன்னா சிரிங்க!"

பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. பயத்தில் அவர் சிரித்தார். கண்ணாடியில் பார்த்தேன், திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்த அப்பாவிப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வேனைப் பறக்கவிட்டேன். மகள் திரையின் முன்னால் உட்கார்ந்து, கேப் செய்கிற மெஷினுக்கு டிசைனை அனுப்பத் தயாராக இருந்தாள். டாக்டரம்மா பக்கத்தில் நின்றார்.

"அனுப்பாதே!" என்றேன். "பல்லு பக்கம் மாறியிருக்கு."

"அம்மா, மறுபடியுமா?"

"அந்த ஃபோட்டோவை எடு. வாய் மட்டும் இல்லை, முழு ஃபோட்டோ."

பெருமூச்சு விட்டுக்கொண்டே திறந்தாள். கண்ணாடியில் எடுத்த படம். நாற்காலியில் தும்மல்காரர், பின்னால் என் வீட்டுக்காரர், கையில் கத்தரி.

"இந்த ஃபோட்டோவுல இருக்கிற ஆள் எந்தக் கையில கத்தரி பிடிச்சிருக்கார்?"

"இடது கையில" என்று சொன்னவள் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தாள்.

"உங்கப்பா எந்தக் கையால வெட்டுவார்?"

மகள் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டாள். சின்ன வயதில் தப்பு செய்தால் செய்கிற அதே காரியம். டாக்டரம்மா திரையை எட்டிப் பார்த்தார், என் வீட்டுக்காரரின் வலது கையைப் பார்த்தார், தலையில் கைவைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "கண்ணாடி ஃபோட்டோ! வாயை மட்டும் வெட்டி எடுத்ததால எனக்கும் தெரியலையே. வர்றப்பவே ரெண்டும் உடைஞ்சிருந்துச்சு, எது எது மேல இருந்துச்சுன்னு நானும் பார்த்ததில்லை."

"எனக்கு இதுதான் சரியாத் தெரிஞ்சுதும்மா" என்றாள் மகள், அழுகிற குரலில். எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகச் சலூனுக்குத்தான் போவாள். வெயிட்டிங் சோபாவில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே அப்பாவைப் பார்ப்பாள். அப்பா எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார், முகம் கண்ணாடியில்தான். வீட்டுக்கு வந்தால் அப்பாவும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள். கடைக்கு வருகிற ஊர் ஜனத்துக்கும் அவர் கண்ணாடியில் தெரிகிற முகம்தான். ஏன், அவருக்கே அவர் முகம் அப்படித்தானே தெரியும்.

எனக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. அவர் பக்கம் திரும்பினேன். "ஏங்க, உங்களுக்குக் கண்ணாடியில பார்த்தப்ப வித்தியாசமா தெரியலையா?"

அவர் தரையைப் பார்த்தார். "முதல் நாளே யாரோ மாதிரிதான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் பிரமாதம்னீங்க?"

"பாப்பா அவ்வளவு ஆசையா செஞ்சிருந்துச்சு. போகப் போகப் பழகிடும்னு பார்த்தேன்."

ஒரு வாரமாக நான் தனியாகப் புலம்பிக்கொண்டிருக்க, இந்த மனிதர் தினம் தினம் கடைக் கண்ணாடியில் ஒரு அந்நியரைப் பார்த்துக்கொண்டு, மகளுக்காக வாய் நிறையச் சிரித்திருக்கிறார். இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திட்டலாம் என்று வாயைத் திறந்து, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டேன். மகள் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு, "சொல்லியிருக்கலாம்லப்பா" என்றாள்.

பிறகு உட்கார்ந்து, அந்த இரண்டு பல்லையும் பக்கம் மாற்றித் திருப்பினாள். கட்டைகளுக்குப் பொருந்துகிற மாதிரி மறுபடி அளந்து, இந்தத் தடவை டாக்டரம்மாவிடம் காட்டுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். மெஷின் ஒரு வெள்ளைக் கட்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கொய்ங் என்று குடைந்தது. சூளைக்குள் வைத்துச் சுட்டார்கள், மெருகு போட்டார்கள். நான் நடுவில் போய்ப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வீட்டில் விட்டுவிட்டு, வழியில் ஒருவரையும் திட்டாமல் திரும்பி வந்தேன்.

சாயங்காலம் கேப் உட்கார்ந்தது. இன்னும் ஒட்டவில்லை, வெறுமனே மாட்டியிருந்தார்கள். டாக்டரம்மா வழக்கம்போல அவர் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். "பார்த்துச் சொல்லுங்க, ஒட்டிடலாமா?"

அவர் கண்ணாடியை வாங்கினார். பார்க்கவில்லை. மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, நாற்காலியில் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு" என்றார்.

இத்தனை நாளில் அந்த அறையில் கண்ணாடியிடம் கேட்டார்கள், திரையிடம் கேட்டார்கள், படத்திடம் கேட்டார்கள். இப்போது இவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் தலையாட்டினால்தான் பல் என்கிற மாதிரி.

"சிரிச்சாத்தானே சொல்ல முடியும்?" என்றேன்.

"சும்மா எப்படிச் சிரிக்கிறது? ஏதாவது சொல்லு."

ஒன்றுமே தோன்றவில்லை. வாயாடி என்று பேர் எடுத்தவளுக்கு வேண்டிய நேரத்தில் வார்த்தை வரவில்லை. அதனால் மூக்கை விரித்தேன். கண்ணை மூடினேன். ஒரு நிமிஷம் இழுத்து, ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல், "ஹச்!" என்று அவரை நோக்கித் தலையைப் பாய்ச்சினேன்.

அவர் பயந்துபோய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் கை இறங்கியது. தலை பின்னால் போனது. தோள் குலுங்கியது. வாய் திறந்தது. வலது பல் இடது பல்லின் மேல் கால்மேல் கால் போட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தது.

டாக்டரம்மா பசையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒட்டலாமா?" என்றார்.

எனக்குக் கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. "இருங்க டாக்டர், இன்னும் கொஞ்ச நேரம் சிரிக்கட்டும்" என்றேன்.